மூன்று மென்பொருளும் ஒரு மீசையும்

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவருக்கு. இருபத்தாறு வருடமாக அதே இருட்டறை, அதே சுழல் நாற்காலி, எதிர்ச்சுவரில் அதே எழுத்துப் பலகை. "இதுல நல்லா தெரியுதா, இல்ல இதுலயா?" என்று ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவையாவது கேட்டுவிடுவார். தெருவில் எல்லோருக்கும் அவர் கண்ணாடி அக்கா. அவருடைய அண்ணனுக்கு மட்டும், ஐம்பது வயதை நெருங்கிய பிறகும், பாப்பா.

பிழைப்பு கண்ணை வைத்து என்றாலும் அக்காவின் உயிர் காதில் இருந்தது. முன்னறையில் மனிதர் தோள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் நின்றன. மூடப்போன ஒரு ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து கேட்டு வாங்கி வந்தவை. இறக்கி வைக்க நாலு பேர் வேண்டியிருந்தது. அவை வந்த அன்றைக்கு அக்காவின் கணவர் சுற்றிச்சுற்றி வந்து பார்த்துவிட்டு, "வீட்டுக்கு ரெண்டு மாமியார் வந்து நிக்கிற மாதிரி இருக்கு. இனிமே கால் நீட்டி உக்கார முடியாது" என்றார். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று. நடுவில் வீட்டில்தான். பாட்டு விஷயத்தில் அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது குடும்பத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட சங்கதி. அவரும் மறுத்ததில்லை.

ஸ்பீக்கர்களுக்கு ஏற்ற ஆம்ப்ளிஃபயர், அதற்கு முன்னால் எண்களை ஒலியாக மாற்றித் தருகிற சின்னக் கறுப்புப் பெட்டி, அதற்கும் முன்னால் உள்ளே விசிறி இல்லாத, மூச்சுச் சத்தம்கூட விடாத ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. சேர்த்து வைத்திருந்த நாலாயிரம் இசைத்தட்டுகளும் அந்தக் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டன. ஸ்பீக்கர்களுக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி. அதன் நான்கு கால்களும் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் ஒட்டுநாடாவால் அடையாளம் போட்டிருந்தார் அக்கா. பெருக்கும்போது யாராவது நாற்காலியை ஒரு சாண் நகர்த்திவிட்டால் அன்றைக்கு வீட்டில் ஒரே களேபரம்தான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நாலு மாதத்துக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்தார்கள். அதற்குப் பிறகு அக்காவுக்கு மனசில் ஒரு நெருடல். பாட்டில் ஏதோ குறைகிறது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. துவைத்துத் துவைத்துச் சாயம் போன புடவை மாதிரி எல்லாம் வெளுத்துக் கேட்டது. முதலில் சுவர் ஈரம் காயவில்லை என்று நினைத்தார். காய்ந்தது. பிறகு தனக்கே வயதாகிறதோ என்று பயந்து காது டாக்டரிடம் போய் வந்தார். காதில் ஒரு கோளாறும் இல்லை. கடைசியில், பாட்டை ஓடவிடுகிற மென்பொருள்மேல் சந்தேகம் விழுந்தது. கம்ப்யூட்டரோடு இலவசமாக வந்தது அது. "இவ்வளவு பெரிய படைக்கு இப்படி ஒரு தளபதியா!" என்று அண்ணன் வேறு ஏற்றிவிட்டார்.

அண்ணன் அரங்கங்களுக்கு ஒலி அமைக்கிறவர். முப்பது வருட அனுபவம். முறுக்கிவிட்ட மீசை. பேச்சில் அவரை ஜெயிக்க ஆள் கிடையாது.

அக்கா மூன்று மென்பொருட்களை இறக்கிக்கொண்டார். மூன்றையும் முப்பது நாள் சும்மா பயன்படுத்தலாம். ஒரே நாளில், ஒரே நேரத்தில் நிறுவியதால் மூன்றின் கெடுவும் ஒரே ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு முடிவதாக இருந்தது. அதற்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். மூன்றுக்கும் அவரே பட்டப்பெயர் வைத்தார். ஒன்று மகாராஜா. அதைத் திறந்தால் அட்டைப் படமென்ன, பாடகர் வரலாறென்ன, யார் எந்த ஊர்க் கூடத்தில் வாசித்தது என்பதென்ன, ஒரு தர்பாரே நடக்கும். இரண்டாவது சந்நியாசி. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்தில் ஒரு பட்டியல், அவ்வளவுதான். பாட்டு ஓடும்போது கம்ப்யூட்டரின் மற்ற வேலைகளையெல்லாம் நிறுத்திவிடும். மூன்றாவது குமாஸ்தா. எங்கே பார்த்தாலும் கட்டம், அட்டவணை, பொத்தான். பார்க்கச் சகிக்காது. ஆனால் கேட்ட கணக்கையெல்லாம் கொடுக்கும்.

அக்கா ஒரு நோட்டு போட்டார். கடையிலிருந்து வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து ஒரே பாட்டை மூன்றிலும் கேட்பது, எழுதுவது. 'மகாராஜாவில் பியானோவுக்கு உடம்பு இருக்கிறது.' 'சந்நியாசியில் வயலின் கம்பி ஈரமாகக் கேட்கிறது.' 'குமாஸ்தாவில் எல்லாம் இருக்கிறது, சந்தோஷம் மட்டும் இல்லை.' இப்படி இருபத்திரண்டு பக்கம். எழுத எழுத உற்சாகம் தாங்கவில்லை. கடையில் ஒரு வாடிக்கையாளரிடம் லென்ஸை மாற்றிக்கொண்டே, "இதுல பேஸ் கொஞ்சம் அதிகமா இருக்கா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அண்ணன் ஃபோனில் பேசினார்.

"இதுல யோசிக்க என்ன பாப்பா இருக்கு? சந்நியாசிதான். கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்."

"நிஜமாவே கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவீங்களாண்ணா?"

"என்ன கேள்வி இது? பத்துக்குப் பத்து சொல்றேன். சொல்லலேன்னா பாதி மீசையை எடுத்துடறேன், போ!"

அந்தப் பக்கம் ஃபோனைப் பிடுங்கியது அண்ணி. "நான் சாட்சி. ஞாயித்துக்கிழமை வர்றோம். பிளேடு நான் கொண்டு வர்றேன்."

அண்ணி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவர். எது யாருடைய ரத்தம் என்று தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்துச் சோதிக்கிறது அவருக்குப் பழக்கம். அதனால் ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்து இறங்கியதும் மொத்த ஏற்பாட்டையும் கையில் எடுத்துக்கொண்டார். கம்ப்யூட்டர் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். அலமாரிக்குப் பின்னால் ஒரு முக்காலி போட்டுக்கொண்டார். கையில் ஒரு தாயக்கட்டை. "குமாஸ்தா இப்ப வேண்டாம். ஒத்தைப்படை விழுந்தா சந்நியாசி. ரெட்டைப்படைன்னா மகாராஜா. நான் வாயே திறக்க மாட்டேன். ஒரு நிமிஷம் பாட்டு ஓடும். எதுன்னு நீங்க சீட்டுல எழுதணும். பத்து தடவை. யாரும் யாரையும் பாக்கக் கூடாது" என்றார். பரீட்சை மேற்பார்வையாளர் தோற்றார்.

நாற்காலியில் அண்ணன். அவருக்குப் பின்னால் ஒட்டி நின்றபடி அக்கா. கணவர் வாசற்படியில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு பெண் குரல், கூட ஒரு பியானோ, அடியில் ஒரு பெரிய பேஸ் வயலின். அதே ஒரு நிமிடம் பத்து தடவை ஓடியது. சீட்டுகளைப் பிரித்துச் சரிபார்த்த அண்ணியின் முகம் தொங்கிப் போயிற்று.

"ரெண்டு பேருக்குமே பத்துக்கு ஒம்பது."

அண்ணன் எழுந்து நின்று மீசையை இரண்டு பக்கமும் முறுக்கினார். "ஒண்ணு கூடக்குறைய இருக்கத்தான் செய்யும். அதுக்குப் போய் பிளேடு எடுக்காத!"

அக்கா மகிழ்ச்சியில் கை தட்டினார். ஆக, வித்தியாசம் உண்டு. தன் காது பொய் சொல்லவில்லை. அப்படியே சந்நியாசியை வாங்கிவிடலாம் என்று கம்ப்யூட்டர் பக்கம் இரண்டு எட்டு வைத்தவர் நின்றுவிட்டார். ஏதோ இடித்தது. இருட்டறையில் தினமும் பார்க்கிற சங்கதி அது. கிட்டப்பார்வைக்காரருக்கு லென்ஸின் பவரைத் தேவைக்குமேல் ஒரு துளி கூட்டினால் எழுத்து கறுத்துத் தெரியும். "ஆ, இதுதான் நல்லா இருக்கு!" என்பார்கள். நன்றாகத் தெரிவதில்லை, கறுப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அந்தக் கண்ணாடியைப் போட்டு அனுப்பினால் ஒரு வாரத்தில் தலைவலி என்று திரும்பி வருவார்கள்.

"அண்ணா, உங்க வண்டியில சத்தம் அளக்கிற மீட்டர் இருக்கா?"

"எதுக்கு?"

"எடுத்துட்டு வாங்களேன்."

நாற்காலியில் தலை இருக்கும் உயரத்தில் மீட்டரைக் கட்டினார்கள். இரைச்சல் சத்தம் ஒன்றை இரண்டிலும் ஓடவிட்டு அளந்தார்கள். சந்நியாசி ஒன்றரை டெசிபல் கூடுதல். ஓசைப்படாமல் ஏமாற்றியிருந்தது! உண்மையில் அதன்மேலும் குற்றமில்லை. பாட்டுக்குப் பாட்டு சத்தம் ஏறி இறங்காமல் இருக்க மகாராஜா தானாகவே கொஞ்சம் குறைத்து வைத்திருந்தது. அமைப்புகளுக்குள் நாலாவது பக்கத்தில் அதற்கு ஒரு பொத்தான் ஒளிந்திருந்தது. அக்கா அதை அணைத்தார். மறுபடி அளந்தார்கள். இரண்டும் மயிரிழை பிசகாமல் ஒன்று.

"இப்ப உக்காருங்கண்ணா."

மறுபடி பத்து தடவை. இந்த முறை அண்ணன் நெற்றியில் வியர்வை. எழுதுகிறார், அடிக்கிறார், மறுபடி எழுதுகிறார். அக்காவும் சீட்டைப் பார்த்தபடி பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார். எதைப் பிடித்துக்கொண்டு சொல்வது? ஈரமான வயலின் எங்கே போயிற்று?

அண்ணி சீட்டுகளைப் பிரித்தார். குரலில் தேன் ஒழுகியது. "ரெண்டு பேருக்கும் அஞ்சு. தாயக்கட்டையே பதில் எழுதியிருந்தாலும் அஞ்சு வாங்கியிருக்கும்."

அக்கா தன் நோட்டை எடுத்துப் புரட்டினார். இருபத்திரண்டு பக்கம். ஒரு நிமிடம் வெட்கம் பிடுங்கித் தின்றது. அடுத்த நிமிடம் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாத சிரிப்பு. "இத்தனையும் ஒன்றரை டெசிபல்! ஐயோ, என்ன எழுத்து எழுதியிருக்கேன் பாருங்க!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் சிரிக்கவில்லை. "மாப்ளையும் கேட்டாரே, அவரைச் சொல்லச் சொல்லு" என்றார், மீசைப் பேச்சைத் திசைதிருப்புகிற அவசரத்தில்.

கணவர் ஷூவைக் கீழே வைத்தார். "எனக்கு என்ன மச்சான் தெரியும்? மூணும் ஒண்ணுதான். எதுல போட்டாலும் அந்தப் பொண்ணு எங்க நின்னு பாடுதுன்னே தெரியல."

"என்னது?"

"இல்ல... முன்னெல்லாம் கேட்டா அந்தப் பொண்ணு ரெண்டு பெட்டிக்கும் நடுவுல, இதோ இந்தச் சன்னலுக்கு முன்னாடி நின்னு பாடும். இப்ப அறை பூரா பரவிக் கிடக்கு. வெள்ளையடிச்சதுல இருந்தே அப்படித்தான். ஒரு தடவை சொன்னேன். நீதான் 'உங்களுக்கு என்னங்க தெரியும்'னுட்ட."

அண்ணனும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அக்கா பாய்ந்து போய் குமாஸ்தாவைத் திறந்தார். அட்டவணைகளுக்கு நடுவே 'ஸ்பீக்கர் சோதனை' என்று ஒரு பொத்தான் உண்டு. முப்பது நாளாக அவர் தொட்டுப் பார்க்காத பொத்தான். அமுக்கினார். ஓர் ஆண் குரல் முதலில், 'நான் நடுவில் இருக்கிறேன்' என்றது. அது நடுவில் இல்லை. இரண்டு பக்கமும் சிதறி, காதுக்குப் பின்னாலிருந்து கேட்டது. அதே குரல் அடுத்ததாக, 'இப்போது நான் எங்கே என்று தெரியாது' என்றது. இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நட்டநடுவே, ஆணி அடித்த மாதிரி நின்று அதைச் சொன்னது!

"தலைகீழ்!" என்று கத்தினார் அண்ணன். தரையில் மண்டியிட்டு இடது ஸ்பீக்கரின் பின்பக்கம் நுழைந்தார். "பாப்பா, டார்ச் கொண்டா! சிவப்பு ஒயர் கறுப்புல இருக்கு, கறுப்பு சிவப்புல இருக்கு! இந்தப் பெட்டி முன்னாடி தள்ளும்போது அந்தப் பெட்டி பின்னாடி இழுத்திருக்கு. நாலு மாசமா ரெண்டும் சண்டை போட்டுக்கிட்டு இருந்திருக்கு! யார் மாட்டினது?"

கணவர் மெதுவாகக் கையைத் தூக்கினார். "வெள்ளையடிக்க நான்தான் நகர்த்தினேன். திரும்ப மாட்டும்போது... அங்க பின்னாடி இருட்டா இருந்தது."

அக்காவுக்குக் கோபப்பட நேரமில்லை. ஒயரைக் கழற்றி, முனையைத் துடைத்து, சரியாக மாட்டி, நாற்காலியில் வந்து தொப்பென்று உட்கார்ந்தார். அண்ணி பாட்டைப் போட்டார். எந்த மென்பொருளில் என்றுகூட யாரும் கேட்கவில்லை.

சன்னலுக்கு முன்னால் அந்தப் பெண் வந்து நின்றாள். பாடுவதற்குமுன் அவள் இழுத்த மூச்சு கேட்டது. பியானோ அவளுக்கு இடப்பக்கம் ஓர் அடி தள்ளி. பேஸ் வயலினின் முதல் சுரம் விழுந்ததும் தரை அதிர்ந்து அக்காவின் உள்ளங்காலில் ஏறியது. அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. பாட்டு முடிந்ததும் துள்ளி எழுந்து, நின்றுகொண்டிருந்த கணவரின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். "ஏங்க, உங்க காதை வெச்சுக்கிட்டு இத்தனை வருஷமா ஏன் சும்மா இருந்தீங்க?"

"நீ கேக்கலியேம்மா" என்றார் அவர்.

அண்ணனுக்கு ஒரு பிடி கிடைத்தது. "அப்ப இதுக்கு முன்னாடி வெச்ச பரீட்சை செல்லாது. ஒயர் தப்பு. மறுபடி வை!"

வைத்தார்கள். அளவு சமம், ஒயர் சரி, மாலை வெயில் இறங்குவதற்கு இன்னும் நேரம் இருந்தது. பத்து தடவை. அண்ணி சீட்டைப் பிரித்து, கைப்பையிலிருந்து ஒரு புது ரேசரை எடுத்து மேசைமேல் வைத்தார். அண்ணனுக்குப் பத்துக்கு நாலு.

அண்ணன் வார்த்தை தவறாத மனிதர். எழுந்து குளியலறைக்குப் போனார். நாளைக்கு ஒரு பெரிய மாநாட்டில் ஒலி அமைக்க மேடையேற வேண்டியவர், பாதி மீசையோடு எப்படிப் போவார் என்று அண்ணிக்கே மனசு இளகி, கதவைத் தட்டி, "முழுசாவே எடுத்துடுங்க, பரவாயில்ல" என்றார். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தவரைப் பார்த்து யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அக்காதான் முதலில் பேசினார். "அண்ணா, நீங்க அச்சு அசல் என்னை மாதிரியே இருக்கீங்க!"

"அதான் இத்தனை வருஷமா மறைச்சு வெச்சிருந்தேன்" என்றார் அண்ணன். இந்த முறை அவரும் சிரித்தார்.

மணி நாலரை. ஆறுக்குள் முடிவெடுக்க வேண்டும். ஒலியில் வித்தியாசம் இல்லை என்றால் வேறு எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? அக்கா நோட்டில் புதுப் பக்கம் திருப்பி ஒரு கோடு போட்டார். ஒரு கச்சேரிப் பதிவை மூன்றிலும் ஓடவிட்டார். ஒரு பாட்டு முடிந்து அடுத்ததற்குப் போகும்போது கைதட்டல் அறுபடாமல் வர வேண்டும். மூன்றும் தேறின. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். தானாக எழுந்து, விட்ட இடத்தைப் பிடிக்கிறதா? சந்நியாசி எல்லாவற்றையும் துறந்து வெறும் பட்டியலோடு நின்றது. மற்ற இரண்டும் பிடித்தன. பிறகு கணவரைக் கூப்பிட்டார்.

"ஏங்க, இந்த ஃபோனைப் பிடிங்க. இதுல தொட்டா அங்க பாடும். உங்களுக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு போடுங்க. என்னைக் கூப்பிடக் கூடாது. அண்ணி நேரம் பாப்பாங்க."

சந்நியாசியில் மூன்று நிமிடம் தடவினார். "என்னம்மா இது, கதவே இல்லாத வீடு மாதிரி இருக்கு." குமாஸ்தாவில் இரண்டே நிமிடத்தில் ஒரு பாட்டைப் பிடித்தார். ஆனால் அது அரை வேகத்தில் ஓடியது. எந்தப் பொத்தானை அமுக்கினார் என்று அவருக்கும் தெரியவில்லை. மகாராஜாவைத் திறந்ததும் படங்களைப் பார்த்துக்கொண்டே விரலை ஓட்டினார். "இந்தச் சிவப்புத் தொப்பி போட்டவர்தானே? ஆமா, இவர்தான்." தொட்டார். எக்காளம் முழங்கியது. பதினெட்டு விநாடி.

ஐந்தேமுக்காலுக்கு அக்கா மகாராஜாவை வாங்கினார். குமாஸ்தாவின் அடிப்படைப் பதிப்பு இலவசம் என்பதால் அதையும் வைத்துக்கொண்டார். அந்த ஒரு பொத்தானுக்காகவே அதற்கு ஆயுள் முழுக்க இடம் உண்டு என்றார். சந்நியாசிக்கு மரியாதையாக விடை கொடுத்தார்.

அந்த வாரமே தான் செய்த சோதனையை, ஒயர் கதை உள்பட, ஒலிக்கருவிப் பிரியர்கள் கூடுகிற இணையதளம் ஒன்றில் எழுதிப் போட்டார். ஒரே நாளில் முந்நூறு பதில். பாதிப்பேர் திட்டினார்கள். மீதிப்பேரில் பலர் தங்கள் ஸ்பீக்கருக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்ததாக எழுதினார்கள். அவர்களில் பதினோரு பேருக்கு ஒயர் தலைகீழாக இருந்ததாம். கடையில் இடைவேளை கிடைக்கும்போதெல்லாம் அக்கா அதை எடுத்து எடுத்துப் படித்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கடையில் மின்சாரம் போய், மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். வாசலில் நாலு ஜோடி கறுப்பு ஷூக்கள். உள்ளே போனால் நீலச் சட்டைப் பேருந்து ஓட்டுநர்கள் நாலு பேர். நாற்காலியில் ஒருவர், தரையில் இருவர், சுவரில் சாய்ந்து கணவர். கையில் ஃபோன். யாரும் அக்காவைக் கவனிக்கவில்லை.

"இப்ப பாருங்க, அந்தப் பொண்ணு பாடறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கும். சன்னல்கிட்ட. கேட்டீங்களா? கேட்டீங்களா?" என்றார் கணவர். நாற்காலிக்காரர் வாயைப் பிளந்துகொண்டு சன்னலையே பார்த்தார்.

அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் இடம் பிடித்து உட்கார்ந்தார். பாட்டு முடிந்ததும் கையைத் தூக்கினார்.

"அடுத்த பாட்டு நான் சொல்றேன். நாற்காலியும் எனக்கு ஒரு தடவை வேணும்."

"வரிசையில வாங்கக்கா" என்றார் நாற்காலியில் இருந்தவர், எழுந்திருக்காமல். "எனக்குப் பின்னாடி ரெண்டு பேர் இருக்காங்க."